ஷாத்தோ விற்பனைக்கு: விலை கொஞ்சம்... கூரை ஏராளம்!

பிரெஞ்சுப் பத்திரிகைகளின் சொத்து விற்பனைப் பக்கங்களைப் புரட்டினால் இந்த மாதிரி விளம்பரம் தவறாமல் கண்ணில் படும். புல்வெளிக்கு நடுவே வெள்ளைக் கல் மாளிகை, மூலைக்கு மூலை கூம்புக் கோபுரம். கீழே பொடி எழுத்தில் விவரம்: 17-ம் நூற்றாண்டு, முப்பது அறைகள், சிற்றாலயம், புறாக்கூடு, குதிரை லாயம், மதில் சூழ்ந்த தோப்பு. கடைசியில் விலை. அதைப் படித்ததும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஒருமுறை பார்க்கத் தோன்றும்.

பாரிஸில் ஓரளவு நல்ல பேட்டையில் 100 சதுர மீட்டர் ஃப்ளாட் ஒன்றுக்கு 10 லட்சம் யூரோ சர்வசாதாரணம். அதே பணத்தோடு நாட்டின் நடுப்பகுதியில் லிமூஸன் பக்கம் போனால், ஒரு ஷாத்தோவை, அதாவது இப்படிப்பட்ட ஒரு கோட்டை மாளிகையை, வாங்கிவிட்டு மிச்சமும் பார்க்கலாம். பிரான்ஸ் முழுக்க எத்தனை ஷாத்தோ என்று கேட்டால் 40,000 என்பார்கள். ராஜா வேட்டைக்கு வந்து தங்கக் கட்டிய ஷாம்போரும் அதில் சேர்த்தி. 19-ம் நூற்றாண்டில் ஆலை முதலாளி ஒருவர் ஊரை அசத்தக் கட்டிய இரட்டைக் கோபுர வீடும் அதில் சேர்த்தி. ஆகவே சரக்குக்குப் பஞ்சமில்லை. வாங்க ஆள்தான் கம்மி.

ஏன் இந்த மலிவு? பேய், பிசாசு ஏதாவது குடியிருக்கிறதா என்று நம்மவர்கள் கேட்பார்கள். பேய் இருந்தால்கூடச் சமாளித்துவிடலாம், அது செலவு வைக்காது. செலவு வைப்பது கூரை.

விளம்பரத்தில் எழுதாதவை

லுவார் நதிப் பகுதி மாளிகைகளின் கூரை செங்குத்தானது. பல வீடுகளில் சுவரின் உயரத்துக்குச் சமமாகக் கூரையும் நிற்கும். அதன்மேல் மீன் செதில் அடுக்குவதுபோல ஸ்லேட் பலகைகள். தலைமுறை தலைமுறையாக இந்த ஸ்லேட் ஆன்ஜே நகரத்தை ஒட்டிய திரெலாஸே சுரங்கங்களிலிருந்து வந்தது. அந்தச் சுரங்கமும் 2013-ல் மூடப்பட்டுவிட்டது. இப்போது பெரும்பாலும் ஸ்பெயின் ஸ்லேட்தான். ஒரு பலகை நழுவினால் கீழிருந்து பார்ப்பவருக்குத் தெரியவே தெரியாது. மழைத் தண்ணீர் அந்த இடுக்கில் புகுந்து, உத்தரத்தின் முனையில் சொட்டி, அது சுவருக்குள் செருகியிருக்கும் இடத்தில் தேங்கும். அங்கே உட்கார்ந்து சாவகாசமாக வேலையைக் காட்டும்.

அந்த ஈரத்துக்காகவே காத்திருப்பது 'மெரூல்' என்கிற பூஞ்சை. மூடிக் கிடக்கும் இருட்டறை, காற்றோட்டமில்லாத தரையடி, கொஞ்சம் ஈரம். இது போதும். முதலில் பஞ்சு மாதிரி வெள்ளையாகப் படரும், பிறகு துருப்பிடித்த நிறத்தில் தட்டுத்தட்டாக விரியும். மரத்தைத் தேடிச் செங்கல் சுவரையும் கல்லிடுக்கையும் துளைத்துக்கொண்டு போகும். போகிற வழிக்கான தண்ணீரைத் தன் நாரிலேயே எடுத்துச் செல்லும். அது தின்று முடித்த உத்தரத்தைத் தொட்டால் சின்னச் சின்னக் கட்டங்களாக உதிர்ந்து கையோடு வரும். பிரித்தானி, நார்மண்டி பக்கம் இது பெரிய தலைவலி. மெரூல் அபாயம் உள்ளதாக அறிவிக்கப்பட்ட பகுதியில் வீடு விற்பவர் அதை வாங்குபவரிடம் சொல்லியாக வேண்டும் என்று 2014-ல் சட்டமே வந்தது.

கல்லுக்கும் ஒரு கதை உண்டு. லுவார் மாளிகைகளின் அந்தப் பால் வெள்ளை நிறம் 'தூஃபோ' என்ற சுண்ணாம்புக் கல் தந்தது. ரம்பத்தால் அறுக்கலாம், உளி பட்டால் வெண்ணெயாக இழையும். ஜன்னலுக்கு மேலே அத்தனை பூவேலைப்பாடு சாத்தியமானது இதனால்தான். ஆனால் அது தண்ணீரை உறிஞ்சும். நூற்றாண்டுகள் போனதும் மேல்தோல் தட்டையாக உரிந்து விழும். செதுக்கிய தேவதையின் மூக்கு முதலில் போகும்.

விளம்பரத்தில் 'அழகிய புறாக்கூடு' என்று இருக்குமே, அதுவும் ஒரு காலத்தில் ஊர் மக்களின் வயிற்றெரிச்சல். புரட்சிக்கு முன்பு பல பிரதேசங்களில் தனிக் கோபுரமாகப் புறாக்கூடு கட்டும் உரிமை நிலப்பிரபுவுக்கு மட்டுமே இருந்தது. உள்சுவரில் எத்தனை பொந்து இருக்கிறது என்பதை வைத்து அவருக்கு எவ்வளவு நிலம் என்று சொல்லிவிடலாம். குடியானவன் விதைத்ததை அந்தப் புறாக்கள் பொறுக்கித் தின்னும். அவன் கை ஓங்கக்கூடாது. 1789 ஆகஸ்ட் 4 இரவு பிரபுக்களின் சலுகைகள் ஒழிக்கப்பட்டதைத் தொடர்ந்து வந்த சட்டத்தில் புறாக்கூட்டுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. அவ்வளவு கோபம்.

சுவரில் கல் வைத்து அடைத்த ஜன்னல் தெரிந்தால் கட்டடம் பலவீனம் என்று பயப்பட வேண்டாம். 1798 முதல் 1926 வரை பிரான்ஸில் கதவு, ஜன்னலை எண்ணி வரி போட்டார்கள். ஜன்னல் குறைந்தால் வரியும் குறையும்.

இத்தனையையும் தாண்டிக் குளிர்காலம் ஒன்று இருக்கிறது. கூரை உயரம் நாலைந்து மீட்டர், ஜன்னலுக்கு ஒற்றைக் கண்ணாடி. பெரிய கூடத்தைச் சூடாக்குவது தெருவைச் சூடாக்குவதற்குச் சமானம். ஷாத்தோ உரிமையாளர்களில் பலர் டிசம்பர் முதல் மார்ச் வரை சமையலறையிலும் அதை ஒட்டிய ஓர் அறையிலும்தான் காலத்தை ஓட்டுகிறார்கள். மற்ற இருபத்தெட்டு அறைகளும் பூட்டிக் கிடக்கும்.

ராஜாவின் கணக்குப்பிள்ளைகள்

ஷாத்தோ என்றதும் பரம்பரை பரம்பரையாக வந்த பிரபு குடும்பம், கைமாறாத மண் என்று ஒரு சித்திரம் மனதில் எழும். சினிமா தந்த சித்திரம் அது. இன்று உலகமே வரிசையில் நின்று பார்க்கும் மாளிகைகளில் முக்கியமானவற்றைக் கட்டியவர்கள் போர்வீரர்களும் அல்ல, பழம்பெரும் பிரபுக்களும் அல்ல. ராஜாவின் கஜானாவில் கணக்கு எழுதியவர்கள்.

ஷேர் நதிமேல் நிற்கும் ஷெனோன்சோவை எடுத்துக்கொள்ளுங்கள். 1513-ல் அந்த இடத்தை வாங்கியவர் தோமா போயே, நிதித்துறை அதிகாரி. அவர் இத்தாலியப் போர்களில் அலைந்துகொண்டிருக்க, கட்டட வேலையை மேற்பார்த்தது மனைவி கேத்தரின் பிரிசோனே. இருவரும் இறந்த பின் அதிகாரிகள் கணக்கைத் தோண்டினார்கள். அரசுக்குப் பாக்கி என்று முடிவானது. 1535-ல் மகன் மாளிகையையே அரசரிடம் ஒப்படைத்துக் கடனைத் தீர்த்தார். ஷெனோன்சோ ராஜ குடும்பத்துக்குப் போனது காதலாலோ போராலோ அல்ல, தணிக்கையால்! அடுத்த ராஜாவின் காதலி தியான் த புவாத்தியே, ராணி கேத்தரின் த மெதிசி என்ற பிரபலமான பெயர்களெல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

அஸே-லெ-ரிதோவைக் கட்டிய ஜில் பெர்த்தலோவும் கணக்கு அதிகாரிதான். உறவினரும் மூத்த நிதி அதிகாரியுமான சம்பிளான்ஸே 1527-ல் தூக்கிலிடப்பட்டதும், அடுத்தது தானே என்று புரிந்துகொண்டு, கட்டி முடிக்காத மாளிகையை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். அப்போதைய ராஜா பிரான்சுவா அதைப் பறித்துத் தன் படைத்தலைவர் ஒருவருக்குக் கொடுத்தார்.

இந்த வரிசையின் உச்சம் நிக்கோலா ஃபூக்கே. 14-ம் லூயியின் நிதி நிர்வாகத் தலைவர். பாரிஸுக்குத் தென்கிழக்கே வோ-லெ-விகோம்த்தில் மாளிகை கட்டத் தொடங்கியபோது குறுக்கே இருந்த கிராமங்களையே அப்புறப்படுத்தினார். கட்டடத்துக்கு லூயி ல வோ, ஓவியத்துக்கு ஷார்ல் ல பிரன், தோட்டத்துக்கு ஆந்த்ரே ல நோத்ர். அந்தக் காலத்தின் முதல்தரக் கைகள் மூன்றும் ஒரே இடத்தில். 1661 ஆகஸ்ட் 17 அன்று ராஜாவுக்கு விருந்து. வத்தேலின் மேற்பார்வையில் சாப்பாடு, மொலியேரின் புது நாடகம் அரங்கேற்றம், வானம் கொள்ளாத வாணவேடிக்கை. மூன்று வாரம்கூட முழுசாக ஆகவில்லை, செப்டம்பர் 5-ம் தேதி நாந்த் நகரில் ஃபூக்கே கைது செய்யப்பட்டார். கைது செய்தவர் தார்த்தான்யான். ஆமாம், 'தி த்ரீ மஸ்கெட்டியர்ஸ்' நாவலில் வரும் அதே ஆள், நிஜத்திலும் இருந்தவர்.

விருந்தின் ஆடம்பரத்தைப் பார்த்து ராஜாவுக்குப் பொறாமை பொங்கியது என்பது வழிகாட்டிகள் சொல்லும் கதை. சுவையான கதைதான். ஆனால் ராஜாவின் இன்னொரு நிதி அதிகாரியான கொல்பேர் பல மாதங்களாகவே ஃபூக்கேயின் கணக்குகளைக் குடைந்துகொண்டிருந்தார். ஆளை முடித்துவிடுவது என்ற தீர்மானம் விருந்துக்கு முன்பே ஆகிவிட்டது. மூன்றாண்டு விசாரணைக்குப் பின் நீதிபதிகள் நாடு கடத்தச் சொன்னார்கள். ராஜா அதை ஆயுள் சிறையாக மாற்றினார். மன்னர்கள் தண்டனையைக் குறைப்பார்கள், கூட்டியது இவர்தான். 1680-ல் பிஞ்ஞரோல் கோட்டைச் சிறையிலேயே ஃபூக்கே இறந்தார். வோ-வில் இருந்த திரைச்சீலைகள், சிலைகள், தொட்டியில் வளர்த்த ஆரஞ்சு மரங்கள்கூட ராஜாவிடம் போய்ச் சேர்ந்தன. கூடவே அந்த மூன்று கலைஞர்களும் போனார்கள். அவர்களை வைத்து லூயி கட்டிக்கொண்டது வெர்சாய்.

சர்க்கரையும் சாக்லேட்டும்

வோ-லெ-விகோம்த்தின் அடுத்த கதையில் நமக்கும் ஓர் ஓரத் தொடர்பு இருக்கிறது. ஏழாண்டுப் போரில் 1761-ல் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்தது. 1763 பிப்ரவரியில் பாரிஸ் உடன்படிக்கைப்படி அது பிரான்ஸிடம் திரும்பி வந்தது. பிரான்ஸ் தரப்பில் அந்த உடன்படிக்கையில் கையெழுத்திட்டவர் வெளியுறவு அமைச்சர் பிராலேன் கோமகன். மறு வருடமே, 1764-ல், அவர் வோ-லெ-விகோம்த்தை விலைக்கு வாங்கினார்.

அவர் வம்சத்தில் ஒரு கோமகன் 1847-ல் பாரிஸ் வீட்டில் மனைவியைக் கொலை செய்ததாகக் கைதாகி, காவலில் நஞ்சருந்தி மாண்டார். நாட்டையே உலுக்கிய வழக்கு. அதன்பின் வோ-வின் கதவுகள் சாத்தப்பட்டன. கிட்டத்தட்ட முப்பது வருஷம் புல் மண்டிக் கிடந்த மாளிகை 1875-ல் ஏலத்துக்கு வந்தது. எடுத்தவர் ஆல்ஃபிரெத் சோமியே, சர்க்கரை ஆலை முதலாளி. கூரையைச் சரி செய்து, ல நோத்ரின் தோட்டத்தைப் பழைய வரைபடங்களைப் பார்த்து மீட்டது அவர் பணம். அவர் சந்ததியினர்தான் இன்றும் உரிமையாளர்கள். 1968 முதல் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. கோடை இரவுகளில் 2,000 மெழுகுவத்தி ஏற்றிக் காட்டி டிக்கெட் விற்கிறார்கள். 1979-ல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படம் 'மூன்ரேக்கர்' பார்த்தவர்கள் வில்லனின் மாளிகையாக இதைப் பார்த்திருப்பார்கள்.

அதே 1875-ல் இன்னொரு சர்க்கரைக் குடும்பமும் ஷாத்தோ வாங்கியது. 17 வயது மாரி சே, ஆலை அதிபர் கோன்ஸ்தான் சேயின் மகள். லுவார் கரையில் ஷோமோன் மாளிகை மனதுக்குப் பிடித்துப்போக, வாங்கிவிட்டாள். மாப்பிள்ளையாக இளவரசர் அமெதே த புரோய் வந்தது அதற்குப் பிறகுதான்! ஷாத்தோ வைத்திருப்பது யானையைக் கட்டித் தீனி போடுகிற வேலை என்று நாம் சொல்லக்கூடும். ஷோமோனில் நிஜமாகவே யானையைக் கட்டித் தீனி போட்டார்கள். இந்தியச் சுற்றுப்பயணத்தின்போது கபூர்தலா மகாராஜா தந்த பரிசு அது. அந்த யானைக்கென லாயத்தில் தனியிடம் ஒதுக்கினார்கள். 1905-ல் சே ஆலை நிர்வாகியின் ஊக வியாபாரம் கவிழ்ந்ததிலிருந்து சறுக்கல் ஆரம்பம். நிலம் துண்டு துண்டாகப் போனது. 1938-ல் அரசு ஷோமோனை வாங்கியபோது, ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கான ஹெக்டேராக இருந்த பண்ணையில் 21 ஹெக்டேர்தான் மிச்சம்.

ஷெனோன்சோவுக்கு வாய்த்தது சாக்லேட். 1913-ல் அதை வாங்கிய மெனியே குடும்பம் இன்றுவரை வைத்திருக்கிறது. முதல் உலகப்போரில் நதிமேல் செல்லும் 60 மீட்டர் நீளக் கூடத்தை ஆஸ்பத்திரியாக்கினார்கள். இரண்டாம் போரில் ஷேர் நதிதான் ஜெர்மானியர் பிடித்த பகுதிக்கும் பிடிக்காத பகுதிக்கும் எல்லை. முன்வாசல் ஜெர்மானியர் பக்கம், கூடத்தின் பின்கதவு மறுபக்கம். உயிர் தப்ப நினைத்தவர்கள் அந்தக் கூடத்தின் வழியே நடந்து போனார்கள்.

எல்லா மாளிகைக்கும் இப்படி மிட்டாய்ப் பணம் கிடைக்கவில்லை. புரட்சியின்போது பறிமுதலானவற்றையும் கைவிடப்பட்டவற்றையும் வாங்கி, ஈயம், மரம், கல் என்று பிரித்து விற்ற வியாபாரிகளை மக்கள் 'கறுப்புக் கும்பல்' என்றே அழைத்தார்கள். ஆம்புவாஸுக்குப் பக்கத்தில் ஷாந்த்லூ அப்படிப் போனது. அமைச்சர் ஷ்வாசேல் பதவி பறிபோய் வனவாசம் இருந்த இடம் அது. தன்னைக் கைவிடாமல் வந்து பார்த்த நண்பர்களுக்கு நன்றியாக 44 மீட்டர் உயரச் சீன பாணிக் கோபுரம் ஒன்றை எழுப்பினார். 1823-ல் மாளிகையை இடித்துக் கல்லை விற்றார்கள். கோபுரம் மட்டும் நிற்கிறது.

மூத்தவனுக்கு மட்டும் இல்லை

இன்றைக்கு ஒரு ஷாத்தோ சந்தைக்கு வருவதற்கு முதல் காரணம் பாகப்பிரிவினை. புரட்சி வந்ததும் மூத்த மகனுக்கே சொத்து என்ற வழக்கம் ஒழிந்தது. 1804-ல் நெப்போலியனின் சிவில் சட்டம் அதை இறுக்கியது. மூன்று பிள்ளைகள் இருந்தால் சொத்தில் நான்கில் மூன்று பங்கு அவர்களுக்குச் சமமாகப் போயே தீரும்; அப்பா உயில் எழுதி அதை மாற்ற முடியாது. பங்காளிகளில் ஒருவர் 'எனக்குப் பிரித்துக் கொடு' என்று நின்றால் மற்றவர்கள் தடுக்கவும் முடியாது. 1881 ஆணைப்படி பிரெஞ்சுச் சட்டத்துக்கு மாறிக்கொண்ட புதுச்சேரிக் குடும்பங்களுக்கு இந்தச் சங்கதியெல்லாம் அத்துப்படி.

நகையைப் பிரிக்கலாம், நிலத்தைப் பிரிக்கலாம். நடுவில் மாடிப்படி ஒன்றே ஒன்று உள்ள மாளிகையை எப்படிப் பிரிப்பது? ஒருவர் வைத்துக்கொண்டு மற்றவர்களுக்குப் பணம் தர வேண்டும். அரசுக்கு வாரிசு வரி கட்ட வேண்டும். நேரடி வாரிசுக்கே உச்ச விகிதம் 45 சதவீதம். பாரிஸில் வேலை பார்க்கும் மகள், லயோனில் டாக்டராக இருக்கும் மகன், கனடாவில் குடியேறிய கடைக்குட்டி... பிள்ளைப் பிராயத்துக் கோடை விடுமுறைகளைப் பற்றி மூவரும் கண்கலங்கப் பேசுவார்கள். கூரைச் செலவுக்குப் பங்கு என்றால் மூவரும் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். நம்ம ஊர் கதைதான்.

அரசு சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட மாளிகையின் பராமரிப்புச் செலவை வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் வாங்கியதை 15 வருஷம் வைத்திருப்பதாக உறுதி தர வேண்டும். பொதுமக்களுக்குத் திறந்துவிட ஒப்புக்கொண்டு அரசோடு ஒப்பந்தம் போட்டால் வாரிசு வரியிலிருந்தே விலக்கு கிடைக்கும். 1988-ல் வந்த ஏற்பாடு. 2018 முதல் பாரம்பரியக் கட்டடங்களுக்கென்றே லாட்டரிச் சீட்டு விற்கிறார்கள்.

பதிலுக்கு அரசு கேட்பதும் அதிகம். 1913 டிசம்பர் 31 தேதியிட்ட சட்டத்தின்கீழ் வந்துவிட்ட கட்டடத்தில் அனுமதியில்லாமல் ஆணி அடிப்பதுகூட யோசித்துச் செய்ய வேண்டிய காரியம். சின்னத்தைச் சுற்றி 500 மீட்டருக்குள் யார் என்ன கட்டினாலும் அரசின் கட்டடக் கலைஞர் பார்த்துச் சொல்ல வேண்டும். தொல்லையாகத் தோன்றலாம். ஆனால் 1980-களின் இறுதியில் ஒரு ஜப்பானிய நிறுவனம் ஷாத்தோக்களை வரிசையாக வாங்கி, உள்ளே இருந்த சாமான்களையும் அலங்காரங்களையும் விற்றுவிட்டுச் சுவர்களை அம்போவென்று விட்டுப் போனதைப் பார்த்தவர்கள், இந்தக் கெடுபிடி வேண்டும் என்றே சொல்வார்கள். போர்தோ அருகே இவ்ராக்கில் 2012-ல் நடந்தது இன்னும் கொடுமை. பக்கத்தில் இருந்த சிறு கட்டடத்தை இடிக்க வந்தவர்கள் 18-ம் நூற்றாண்டு மாளிகையைத் தரைமட்டமாக்கினார்கள். உரிமையாளர் ஊரில் இல்லை. திரும்பி வந்து பார்த்தபோது வீட்டைக் காணோம்.

வாங்குகிற முறை நிதானமானது. முதலில் விற்பனை ஒப்பந்தம், வழக்கமாகப் பத்து சதவீத முன்பணம். கையெழுத்துப் போட்டபின் பத்து நாளுக்குள் மனம் மாறினால் காரணம் சொல்லாமல் விலகலாம். ஈய வண்ணப்பூச்சு, ஆஸ்பெஸ்டாஸ், கரையான் சோதனை அறிக்கைகள் தனி. விவசாய நிலம் சேர்ந்திருந்தால் அதற்கான அமைப்பு குறுக்கே வந்து 'நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்' என்று சொல்ல உரிமை உண்டு. எல்லாம் முடிந்து நொத்தேர் எனப்படும் பத்திர அதிகாரி முன்னிலையில் பத்திரம் வாசிக்கச் சில மாதம் ஆகும். செலவு விலையில் ஏழெட்டு சதவீதம். விவரம் தெரிந்தவர்கள் ஒன்று சொல்வார்கள்: மே மாதத்தில் போய் ஷாத்தோ பார்க்காதே. ரோஜா பூத்திருக்கும், மூளை வேலை செய்யாது. பிப்ரவரியில், மழை நாளாகப் பார்த்துப் போ. வரவேற்பறையில் உட்காராமல் நேரே பரணுக்கு ஏறு.

ஐம்பது யூரோ பிரபுக்கள்

அப்படியும் வாங்குபவர்கள் வாங்குகிறார்கள். பிரிட்டிஷ்காரர்களான டிக், ஏஞ்சல் ஸ்டிராபிரிட்ஜ் தம்பதி 2015-ல் மாயென் மாவட்டத்தில் 45 அறைகள் கொண்ட மாளிகையை 2,80,000 பவுண்டுக்கு வாங்கினார்கள். லண்டனில் அந்தப் பணத்துக்குச் சின்ன ஃப்ளாட் கிடைத்தால் அதிர்ஷ்டம். அதைச் செப்பனிடுவதையே டிவி தொடராக்கிச் செலவுக்கு வழி கண்டார்கள். தொடரைப் பார்த்துவிட்டுப் பெட்டியைக் கட்டியவர்கள் பலர். மறுகோடியில், 2015-ல் 27.5 கோடி யூரோவுக்கு விற்று உலகின் மிக விலையுயர்ந்த வீடு என்று பெயர் வாங்கிய லூவசியென் 'ஷாத்தோ லூயி 14' இருக்கிறது. வாங்கியவர் சவுதி இளவரசர் முகம்மது பின் சல்மான் என்று 2017-ல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. வேடிக்கை என்னவென்றால், அந்த ஷாத்தோ பழசே இல்லை. 2008-ல் தொடங்கி 2011-ல் கட்டி முடித்த புத்தம் புதுசு! கூரை ஒழுகாது.

எனக்குப் பிடித்த விற்பனை இவை இரண்டும் அல்ல. வியென் மாவட்டத்தில் லா மோத்-ஷாந்தெனியே என்றொரு மாளிகை. வேர் 13-ம் நூற்றாண்டில். சுற்றிலும் அகழி, நடுவில் தீவு மாதிரி கட்டடம். 1932-ல் வெதுவெதுப்பாக இருக்கட்டும் என்று புது வெப்பமூட்டும் வசதி பொருத்தினார்கள். தீப்பிடித்தது. கூரை விழுந்தது. அதன்பின் யாரும் கட்டவில்லை. கூடத்துக்குள் மரங்கள் முளைத்து, கூரை இருந்த உயரத்தைத் தாண்டி வளர்ந்தன. படர்கொடி ஜன்னல் வழியே உள்ளே போய் இன்னொரு ஜன்னல் வழியே வெளியே வந்தது.

2017-ல் விலை ஐந்து லட்சம் யூரோ. வாங்க முன்வந்தது 'தார்த்தான்யான்' என்று பெயர் வைத்துக்கொண்ட இணையவழி நிதி திரட்டும் நிறுவனமும் ஒரு தொண்டு அமைப்பும். குறைந்தது 50 யூரோ போடுங்கள், பங்குதாரர் ஆகுங்கள் என்றார்கள். சில வாரங்களில் 115 நாடுகளிலிருந்து 25,000-க்கும் மேற்பட்டவர்கள் 16 லட்சம் யூரோவைக் கொட்டினார்கள். அதில் பெரும்பாலோர் அந்த ஊரின் பெயரைச் சரியாக உச்சரிக்கக்கூடத் தெரியாதவர்களாக இருப்பார்கள். 25,000 பங்காளிகள் என்றால் நம்ம ஊரில் வழக்குக்கு நாள் குறித்துவிடுவார்கள்! இங்கே ஒரு நிறுவனம் அமைத்து, பங்குப் பத்திரம் கொடுத்து, முதல் வேலையாகச் சுவர்கள் சாயாமல் முட்டுக் கொடுத்தார்கள். பழையபடி முழு மாளிகையாகக் கட்டுவது என்ற பேச்சே இல்லை. மரமும் கொடியும் சேர்ந்த இடிபாடாகவே காப்பாற்றுவது என்பதுதான் திட்டம். பார்க்க வருகிறவர்களிடம் டிக்கெட் வாங்குகிறார்கள். அதே கூட்டணி 2018-ல் எபோபினே கோட்டையையும், 2020-ல் பாரிஸுக்கு வடக்கே புலோன்-லா-கிராஸ் மாளிகையையும் இதே முறையில் வாங்கிப் போட்டிருக்கிறது.